‘கெதியாய் நடவுங்கோ’

“நாளுக்கு அரை மணித்தியாலம் கெதியாய் நடவுங்கோ” என்ற அறிவுரையை, யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய்வருகிற பருமனானவர்களில் பலர் கேட்டிருப்பர். அதை நம்பிப் பண்ணைக் கடற்கரையில் இரண்டு கிழமை நடந்து, மூன்றாம் கிழமை நின்றுவிடுபவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அவரை நிறுத்தியது அந்தக் ‘கெதி’யாகவும் இருக்கலாம்.

நடக்கும்போது தசைகளுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதி ஒட்சிசனின் துணையுடன் உருவாகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், ஒட்சிசன் இன்றிச் சக்தி பெறும் வழியும் கூடுதலாக இயங்கத் தொடங்கி, குருதியின் அமிலத்தன்மை கூடி, மூச்சு சட்டென்று விரைவடைகிறது. அவ்வெல்லைக்குக் கீழே நடை பெரும்பாலானோருக்கு இதமாக இருக்கும். மேலே போகப்போக அது துன்பமாகிறது, மறுநாள் விடியற்காலையில் எழும்ப மனம் வராதபடி அந்தத் துன்பமே நினைவில் நிற்கிறது. நிறை கூடிய உடலைச் சுமக்க ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் சக்தி செலவாவதால், மெலிந்தவர் கதைத்துக்கொண்டு நடக்கிற அதே வேகம் பருமனானவரை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

2006இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடற்பயிற்சிப் பழக்கமற்ற பெண்கள், நிறை கூடியவர்களும் இயல்பான நிறையுள்ளவர்களுமாக, நடைப்பொறியில் ஒருமுறை தாமே தெரிந்தெடுத்த வேகத்திலும், இன்னொருமுறை அதைவிட 10 சதவீதம் கூட்டப்பட்ட வேகத்திலும் நடந்தனர். முதல் நடையில் இரு சாராரின் உணர்விலும் பெரிய வேறுபாடில்லை. பிறர் கூட்டிவைத்த வேகத்திலோ, நிறை கூடியவர்களின் இன்ப உணர்வு மட்டும் சரிந்தது.

வேகத்தைத் தானே தெரிந்தெடுப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. எட்வேர்ட் டெசி, றிச்சட் றையன் ஆகிய உளவியலாளர்கள் வளர்த்தெடுத்தது சுயநிர்ணயக் கோட்பாடு. (அரசியல் மேடைகளில் கேட்டுப் பழகிய சொல்தான்; இங்கே அது தனிமனிதரைப் பற்றியது.) பயத்தாலோ வெட்கத்தாலோ தொடங்கிய செயலை விட, தானே விரும்பித் தெரிந்தெடுத்த செயலே நீடிக்கும் என்பது அதன் சாரம். “இந்த உடம்போடை எப்பிடிச் சேலை கட்டப்போறாய்” என்று மாமி குத்திக்காட்டுவது ஒருவரை ஒழுங்கைவரை தள்ளலாம், அதற்கப்பால் அரிது. தராசும் நல்ல துணையன்று: நடையால் மட்டும் நிறை மெதுவாகவே குறைகிறது, ஆனால் குருதியின் சீனியும் அழுத்தமும் நிறை குறையாமலே சீரடையலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல், கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புப் போதும் என்றதோடு, ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் கைவிட்டது. ஆகவே முற்றம் கூட்டுவதும் சந்தைக்கு நடப்பதும் கணக்கில் சேரும். கதைக்க முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அதுவே மிதமான உழைப்பு.

முழங்கால் நோகிறவர்களுக்குச் சைக்கிள் இருக்கிறது. உடலின் பாரத்தில் பெரும்பங்கை இருக்கையே தாங்கிக்கொள்ளும். மேடுபள்ளமற்ற நம் நிலத்தில், நடையில் செலவாகுமளவுக்கு நிறையைச் சுமக்கச் சக்தி செலவிட வேண்டியதுமில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் குடாநாடு முழுவதும் சைக்கிளில் திரிந்த தலைமுறைதான் இன்று ஒழுங்கை முடக்கிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறது. பலரின் பழைய வண்டி இன்னும் வளவின் கொட்டிலில் காற்றுப்போய்ச் சாத்திக் கிடக்கிறது.