‘இது தனிநபர் தாக்குதல்’ என்று சொன்னால் போதுமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காவிரிப் பேச்சு சூடானதும் யாராவது ‘இது தனிநபர் தாக்குதல், தருக்கப் பிழை’ என்று போட்டுவிடுவார்கள். எதிராளி வாயடைத்துப் போவார். அப்படியென்றால் அவர் தோற்றுவிட்டாரா?”

இல்லை. தனிநபர் தாக்குதல் என்பது கருத்துக்குப் பதில் சொல்லாமல் சொன்ன ஆளைத் தாக்குவது. தருக்கப் பிழை என்பது காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்திருப்பது. எங்கே அறுந்தது என்று காட்டாமல் பிழையின் பெயரை மட்டும் சொன்னால் எதுவும் நிறுவப்படாது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் ‘இம்மலையில் நெருப்பு உண்டு’ என்பதைப் பக்கம் (நிறுவ வேண்டிய முடிவு) என்றும், ‘புகை இருப்பதால்’ என்பதை ஏது (காரணம்) என்றும், ‘அடுக்களை போல’ என்பதைத் திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்றும் பிரிக்கிறார். பிறகு, சரிபோலத் தோன்றும் பிழைகளைப் ‘போலி’ என்று அழைத்து, பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என எந்த உறுப்பில் கோளாறு என்பதை வைத்தே பிழைகளை வகுக்கிறார்.

இனி தனிநபர் தாக்குதலுக்கு வருவோம். ஒருவர் எழுதுகிறார்: “மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.” பதில்: “உங்க ஊர் தஞ்சாவூர், அப்படித்தான் சொல்வீங்க.” இது அசல் பிழை. தீர்ப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சொன்னவரின் ஊர் எதுவானாலும் எண் மாறாது.

அந்தத் தஞ்சாவூர்க்காரரே அடுத்து எழுதுகிறார்: “போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.” இப்போது ஆவணம் கிடையாது, முடிவு முழுக்க அவர் வாய்மொழியில் நிற்கிறது. அவருடைய நம்பகமே இங்கே ஏதுவாக நிற்கிறது. ஆகவே “எந்த வாய்க்கால்? உங்களுக்கு அங்கே நிலம் இருக்கிறதா?” என்று கேட்பது பிழையல்ல, ஏதுவைச் சோதிப்பது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 155-ஆம் பிரிவில் சாட்சியின் நம்பகத்தைக் கேள்வி கேட்க வழி வைத்திருந்தது இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிய, அதே வாக்கியத்தை எதிரணிக்காரர் வாயில் வைத்துப் பாருங்கள். வலு மாறவில்லை என்றால் ஆளைப் பற்றிய பேச்சு தேவையற்றது. மாறுகிறது என்றால் ஆளை விசாரிப்பது நியாயம். ஆனால் சொந்த நலன் இருப்பதாகத் தெரிந்தால் சாட்சியத்தின் எடைதான் குறையும். அது பொய் என்று ஆகிவிடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது. வெறும் வசவு வேறு. “மூளையே இல்லையா, தீர்ப்பைப் படிங்க” என்பது மரியாதைக் குறைவு. ஆனால் அதில் உள்ள காரணம் தீர்ப்புதான், வசவு அல்ல.

‘இன்று குடிநீருக்கென்று மேகதாது அணை, நாளை பாசனத்துக்கு’ என்பது போன்ற சங்கிலி வாதங்களையும் உடனே பிழை என்கிறார்கள். படிகளைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் நடக்க 80 சதவீத வாய்ப்பு என்றால், ஐந்து படிகள் தொடர்ந்து நடக்க 33 சதவீதம்தான். இரண்டே படி என்றால் 64. எந்தப் படி பலவீனம் என்று கேளுங்கள்.

பிழை நிஜமாகவே இருந்தாலும் முடிவு பொய்யாகிவிடாது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று துணிவதும் அந்த 14 ஏதுப் போலிகளில் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டினால் அந்த ஏது விழும், அவ்வளவுதான். மலையில் நெருப்பே இல்லை என்று சொல்ல வேறு ஏது கொண்டுவர வேண்டும்.