கேத்தல் சுண்ணாம்பும் குருதிச் சிறுதட்டும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கட கிணத்துத் தண்ணி கேத்தலில வெள்ளையாப் படியுது. இரத்தத்திலயும் இப்பிடிக் கல்சியம் ஏறி செரோட்டோனினைக் குழப்புமோ?"

அப்படி ஏறாது. தைரொயிட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 4 சிறு சுரப்பிகள் இரத்தக் கல்சியத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆனால் கல்சியத்தையும், கலங்களுக்கிடையே செய்தி சொல்லும் இரசாயனமான செரோட்டோனினையும் ஒன்றாகக் கேட்டாரே, அது நல்ல கேள்வி.

டெங்கு வந்தால் எண்ணிப் பார்க்கிறார்களே, அந்தக் குருதிச் சிறுதட்டுக்குச் செரோட்டோனின் செய்யத் தெரியாது. குடல் கலங்கள் செய்து விடுவதை அள்ளிக்கொள்கிறது. வயல் இல்லாதவன் கொம்பறை நிறைய நெல் வைத்திருப்பதுபோல. மென்சவ்விலுள்ள கடத்திப் புரதம், சோடியம், குளோரைட்டு அயன்களோடு சேர்த்து அதை உள்ளே இழுக்கிறது. இந்த இழுவையை ஓட்டுவது கல்சியம் அல்ல.

சரி, இழுத்ததை எங்கே வைப்பது? ஒவ்வொரு சிறுதட்டிலும் அடர்மணிகள் எனும் நுண்பைகள் சில உண்டு. அவற்றின் உட்புறம் அமிலத்தன்மையானது. அந்த அமில வேறுபாட்டைக் கொண்டு இன்னொரு கடத்தி செரோட்டோனினை உள்ளே ஏற்றுகிறது. அங்கே கல்சியமும், ATP, ADP, பொலிபொஸ்பேற்று ஆகிய பொஸ்பேற்றுச் சேர்வைகளும் அதனோடு பிணைந்து இறுகிவிடுகின்றன. தனித்தனியாகக் கரைந்து கிடந்தால் தண்ணீரை உறிஞ்சி மணி வீங்கிவிடும். சாயம் எதுவும் ஏற்றாமலே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவை கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதற்கு இந்தக் கல்சியச் செறிவுதான் முக்கிய காரணம். அந்தப் படங்களைப் பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை.

அதே கல்சியம் மணிக்கு வெளியே, குழியவுருவில் கூடினால் கதை தலைகீழ். சும்மா இருக்கும் சிறுதட்டின் குழியவுருவில் அது இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். காயத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பட்டதும் சட்டென்று ஏறும். மணிகள் மென்சவ்வோடு இணைந்து செரோட்டோனினைக் கொட்டும். அது பக்கத்துச் சிறுதட்டுகளிலும் கல்சியத்தை உயர்த்தும். கல்சியம் முடுக்கும் புரதக் கைனேசு சி என்ற நொதி, மென்சவ்விலிருக்கும் கடத்தியை உள்ளே இழுத்து, அள்ளுவதையும் குறைக்கும்.

மூளை நரம்புக் கலத்திலும் இதே கடத்திதான், அதே மரபணுதான். மனச்சோர்வை ஆராய்பவர்கள் ஒரு குழாய் இரத்தத்தில் அதைப் படிக்கலாம். வன்னியில் மனச்சோர்வைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வாங்கக் காசு கேட்டால் மட்டும் கை இறுகும். செய்வினை எடுக்கவும் நூல் கட்டவும் காசு இருக்கிறது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளூவொக்செட்டின் இந்தக் கடத்தியைத்தான் அடைக்கிறது. சில வாரங்களில் சிறுதட்டின் கையிருப்பு பெரும்பாலும் வற்றிவிடும்; இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். கூடவே அஸ்பிரினும் குடிப்பவர்கள், பல்லுப் பிடுங்கப் போகும்போது இரண்டையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.