வெட்டுத் துணியில் பை, பழைய பத்திரிகையில் வாழ்த்து அட்டை

தையல் வகுப்புக்கு வரும் பெண்கள் ஜாக்கெட், சுடிதார், உள்பாவாடை என்று முறையாகக் கற்றுக்கொண்டாலும், அவர்கள் முகத்தில் மலர்ச்சியை நான் அதிகமாகக் காண்பது மிச்சத் துணியில் பை தைக்கும் நாளில்தான். அளவெடுத்துத் தைக்கும் உடையில் பிறருடைய உடம்பும் விருப்பமும் முன்னே நிற்கின்றன. வெட்டுத் துணியில் தைக்கும் பையிலோ, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதைத் தைப்பவரே தீர்மானிக்கிறார். பிடிக்கவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறார். நல்ல துணி வீணாகிவிடுமே என்ற பதற்றம் அவருக்கு இல்லை. பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் கையால் வாழ்த்து அட்டை செய்வதிலும் இதே நிறைவு கிடைக்கிறது. ஆனால் அண்மைக் காலமாக இந்த இரண்டு வேலைகளும், மிச்சத்தில் செய்கிறோம் என்ற பெயரோடு, கடையில் புதிய பொருள்களை வாங்கிக் குவிக்கும் வேலையாக மாறி வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. பை தைப்பதற்கென்றே புதுக் காடாத்துணி வாங்குகிறார்கள். அட்டை செய்வதற்கென்றே நிறத்தாள், ஒட்டுமணி, ஜிகினாத் தூள் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறார்கள்.

துணிப்பை என்றாலே அது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பிவிடுகிறோம். பருத்தியை விளைவிக்கவும், நூற்று நெய்து சாயமேற்றவும் ஆகும் தண்ணீரும் மின்சாரமும் அந்தத் துணியின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டவை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதல் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தாலே, புதிதாகச் செய்த பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் அது ஈடாகும் என்று கணக்கிட்டது. மண்ணிலும் நீர்நிலையிலும் சேரும் குப்பையை அந்த எண் சொல்லவில்லை என்பதால் பிளாஸ்டிக் பைக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் புதுத் துணியை வெட்டிப் பை தைத்துப் பரணில் அடுக்கி வைப்பதில் எந்த நன்மையும் இல்லை என்பதை அந்த எண் தெளிவாக்குகிறது. தையற்கடை மூலையில் கிடக்கும் துண்டுத் துணிக்கும், கிழிந்துபோன வேட்டியின் நல்ல பகுதிக்கும் அந்தச் செலவு முன்பே முடிந்துவிட்டது. அவற்றில் தைத்த பை முதல் நாளிலிருந்தே நமக்கு ஆதாயம்.

கையில் கிடைத்த துண்டுகளைத் தைக்க உட்காரும் முன் வகை பிரிப்பது மிக முக்கியம். எது பருத்தி, எது பாலியெஸ்டர் என்று கண்ணால் சொல்ல முடியாதபோது, ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கலாம். பருத்தி இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிறது. பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான சிறு மணியாக நிற்கிறது. இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்கு நடுவே அந்தக் கடின உருண்டை விரலில் தட்டுப்படும். துணிக்கடைகளில் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த, தொட்டால் துணிபோலவே இருக்கும் நெய்யாத பைகளும் இந்தச் சோதனையில் உருகும். ஏனெனில் அவை பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களின் பட்டியலில் அவையும் இருக்கின்றன என்பது பலருக்கும் இன்னும் தெரியவில்லை.

எல்லா மிச்சமும் பையாகாது. பனியன் துணி இழுத்தால் நீளும் என்பதால், அதில் தைத்த பையில் இரண்டு கிலோ வெங்காயத்தைப் போட்டதும் கைப்பிடி முழங்காலைத் தொடும். அதை நாடாவாகக் கிழித்துப் பின்னினால் நல்ல மிதியடி கிடைக்கும். பழைய பட்டுப்புடவை, ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்த மடிப்புகளிலேயே இற்றுப்போயிருக்கும். அது கனம் தாங்காது, வாழ்த்து அட்டையில் ஒட்டுவதற்குத்தான் ஏற்றது. நெய்த பிளாஸ்டிக் அரிசிச் சாக்கில் பை தைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. வெயில் பட்டுப் பட்டு அது செதில் செதிலாக உதிரத் தொடங்கும்போது, அந்தச் செதில்களைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. ஜீன்ஸ் கால், திரைச்சீலை, தலையணை உறை, பாப்ளின் பாவாடைத் துணி ஆகியவை காய்கறிப் பைக்கு மிகப் பொருத்தமானவை. கம்பி உடைந்த குடையின் துணியில், மழைநாளில் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளும் லேசான பை வரும்.

வெட்டுவதற்கு முன்பு துவைத்துவிட வேண்டும். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய புதுத்துணி கஞ்சியோடு இருக்கும். ஏற்கெனவே பலமுறை துவைத்த வேட்டித் துணியோடு அதை இணைத்துத் தைத்தால், முதல் துவையலிலேயே ஒரு பக்கம் சுருங்கிப் பை கோணிக்கொள்ளும். அடர்ந்த சிவப்பு, கருநீலம் ஆகிய நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பை கிழிகிறது என்றால் பெரும்பாலும் அது கைப்பிடி இணையும் இடத்தில்தான் கிழிகிறது. ஆகவே அங்கேதான் நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். கைப்பிடித் துண்டைத் துணியின் பாவு இழை ஓடும் திசையில், நீளவாக்கில் வெட்ட வேண்டும். குறுக்குச் சாய்வில் வெட்டினால் அது நீண்டுகொண்டே போகும். நான்கு அங்குல அகலத்தில் வெட்டி, இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு அடுக்கில் ஓர் அங்குலப் பட்டை கிடைக்கும். அதன் இரண்டு ஓரங்களிலும் தையல் ஓட்ட வேண்டும். பையின் வாய் மடிப்புக்குக் கீழே ஒன்றரை அங்குலமாவது அந்தப் பட்டை இறங்கி, அங்கே சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் தைத்து, உட்புறம் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பிடித்துக்கொண்டால், கனம் ஒரே வரியில் இழுக்காமல் பரவி நிற்கும். ஜீன்ஸ் அடுக்குகளுக்கு 18-ஆம் எண் ஊசியும், மற்றத் துணிகளுக்கு 16-ஆம் எண் ஊசியும் போதும். துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாதவர்கள், முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல் போட்டு, பிசிறைக் கத்தரித்து, திருப்பி, அந்த விளிம்பை உள்ளே அடக்கி இன்னொரு தையல் போட்டால், உள்ளே ஒரு நூல்கூட பிரியாது.

மெஷினே இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கிழிந்த புடவைகளையும் துண்டுத் துணிகளையும் வெறும் கை ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் கவந்தி என்னும் போர்வையைச் சொல்வேன். வெளி ஓரத்தில் தொடங்கி நடு நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து வரும் அந்தப் போர்வைகளில் எந்தத் துண்டும் மறைக்கப்படுவதில்லை. ஒட்டுப்போட்டதே அழகாகி நிற்கிறது.

இனி வாழ்த்து அட்டை. நம் வீடுகளில் இதற்குக் கல்யாணப் பத்திரிகையைவிடச் சிறந்த மூலப்பொருள் இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முகப்பில் பிள்ளையார் படத்தோடு வந்த பத்திரிகையைக் குப்பையில் போட மனம் வராமல், அலமாரியில் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்தப் படத்தை வெட்டி முகப்பாக்கி, பத்திரிகையின் கெட்டித் தாளையே அடித்தாளாக்கினால் பொங்கலுக்கு அனுப்ப அருமையான அட்டை வந்துவிடும். பெயர், முகவரி, கைபேசி எண் உள்ள பகுதிகளை மட்டும் தனியே வெட்டிக் கிழித்துவிட வேண்டும். துணியைப் போலவே தாளுக்கும் இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடிக்க வேண்டும். மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அளவுகோலோடு சேர்த்து அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொண்டால், மடிப்பு வெடிக்காமல் கூராக வரும். பத்திரிகையோடு வந்த உறையின் ஒட்டுகளை மெதுவாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினால் புதிய உறையும் தயார்.

ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் துகள். கை கழுவும் தண்ணீரோடு அது போய்ச் சேரும் இடத்திலிருந்து அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரியான பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனையைத் தடை செய்ததற்கும் இதுவே காரணம். மின்ன வேண்டும் என்றால் இற்றுப்போன பட்டுப்புடவையின் சரிகையில் ஒரு விரற்கடை போதும். பசையிலும் கவனம் தேவை: மைதாப் பசை கரப்பானை அழைக்கும், அதற்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழைய வழக்கம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது, ஏனெனில் அது நஞ்சு. வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் அட்டை வளையாது. துணி வெட்டும் கத்தரியால் தாளை வெட்டாதீர்கள்; முனை மழுங்கிய பிறகு அது துணியை வெட்டாமல் மெல்லும்.

வீணாகும் தாளும் வீணாகும் துணியும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவினர்கள். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் தொடங்கிய கைத்தாள் ஆலையில், பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித்தான் தாள் செய்கிறார்கள்.

இவ்விரண்டு வேலைகளும் ஒன்றாகச் சேரும் இடமாக நான் பரிந்துரைப்பது தாம்பூலப் பை. மணமக்கள் பெயரைப் பெரிதாக அச்சிட்ட பையைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்குப் போவதில்லை; மேற்சொன்ன ஆய்வு கேட்கும் 131 முறைக்கு அந்தப் பைக்கு வாய்ப்பே இல்லை. கிழிசல் இல்லாத ஒரு பழைய நூல் புடவையின் பார்டரைத் தனியே எடுத்துவிட்டு, உடல் பகுதியைப் பத்து அங்குல அகலமும் இருபத்தாறு அங்குல நீளமுமாக வெட்டி, அடியில் மடிப்பு வரும்படி தைத்தால், முப்பது பைகளுக்குக் குறையாமல் கிடைக்கும். எடுத்து வைத்த பார்டர் ஏறக்குறைய பாதிப் பைகளுக்குக் கைப்பிடியாகும். மீதிக்குப் பாவாடைத் துணி போதும். பெயரை அச்சிடுவதற்குப் பதில், பழைய பத்திரிகைத் தாளில் செய்த சிறிய அட்டையில் எழுதி நூலால் கட்டிவிட்டால், வீட்டுக்குப் போனதும் அட்டையை அவிழ்த்துவிட்டுப் பையைப் பயன்படுத்தலாம். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே அத்தை, சித்தி, பெரியம்மா வீடுகளிலிருந்து புடவைகளைக் கேட்டு வாங்கித் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள். துணி மெல்லியதாக இருந்தால் தேங்காயின் கனத்துக்காக அடிப்பகுதியை மட்டும் இரட்டையாக வைத்துத் தையுங்கள்.