காது வில்லையில் உங்கள் மாட்டின் இனம்: சேலத்து நாட்டு மாடுகளுக்கான திட்டங்கள்

உங்கள் மாட்டுக்குக் காது வில்லை போட்டாயிற்று என்றால், அந்த 12 இலக்க எண்ணோடு ‘இனம்’ என்று ஒரு விவரமும் ஒன்றிய அரசின் கால்நடைப் பதிவேடான பாரத் பசுதன் தரவுத்தளத்தில் ஏறியிருக்கும். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காங்கேயம், பர்கூர் என்று பெயர் இருந்தால் நல்லது. பெயர் தெரியாத நாட்டு மாடு ‘வகைப்படுத்தப்படாதது’ என்றுதான் போகும். ஒன்றிய அரசின் விருதும் இனப்பெருக்க உதவியும் பெரும்பாலும் இனப்பெயரைப் பார்த்தே வருகின்றன. அதனால் சேலம் மாவட்டத்தில் நாட்டு மாடு வளர்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

ஒரு மாட்டினத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் கொடுப்பது ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். 2008 முதல் இனப் பதிவு அங்கேதான் நடக்கிறது. தமிழ்நாட்டு மாடுகளில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புளிக்குளம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சேலத்துக்குப் பெருமை தரும் பதிவுகளும் உண்டு: மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் நம் மாவட்டத்துப் பெயரோடு இருக்கின்றன. மேச்சேரி ஆட்டுக்காகப் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. மாட்டுக்கு அப்படி ஒரு சேலத்துப் பெயர் இல்லை. பழைய சேலம் மாவட்டத்தின் உழவு மாடு என்றால் ஆலம்பாடிதான். ஆனால் 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானபோது அதன் சொந்த மண்ணும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆலம்பாடிக்கான ஆராய்ச்சி மையமும் தருமபுரி மாவட்டத்தில்தான் உள்ளது.

இனப்பெயர் வெறும் காகித வேலை என்று நினைத்துவிட வேண்டாம். திமிலும் தொங்கும் அலைதாடியும் உள்ள நம் மாடுகள் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பகுதியில் வீட்டு விலங்கானவை. ஜெர்சி, ஃப்ரீசியன் மாடுகளின் முன்னோர் மேற்காசியாவில் தனியாகப் பழக்கப்பட்டவர்கள். இந்த இரு கால்வழிகளின் காட்டு மூதாதைகள் அதற்கும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. திமில் மாடுகளுக்குள் தாய்வழி மரபணுவைப் பார்த்தால் இரண்டு பெரிய கிளைகள் தெரியும். தென்னிந்திய உழவு மாடுகளில் இரண்டுமே இருக்கின்றன. தந்தைவழியைப் பார்க்க இன்னொரு வழி உண்டு: திமில் காளையின் ஒய் குரோமோசோம் ஐரோப்பியக் காளையினுடையதைப் போல இருக்காது, நுண்ணோக்கியிலேயே அதன் வடிவம் வேறாகத் தெரியும். அப்பன் வழியில் ஜெர்சி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும். அம்மா வழியில் கலந்திருந்தால் பிடிபடாது. அதற்கு மாட்டின் மரபணுக் குறிகளை மொத்தமாகப் படித்துக் காட்டும் மரபணுச் சில்லு வேண்டும். இந்திய மாடுகளுக்கென்றே உருவாக்கிய ‘கௌ சிப்’ 2024 அக்டோபரில் வெளியானது. பார்வைக்கு அசல் நாட்டு மாடாக இருக்கும் ஒன்றில் எவ்வளவு கலப்பு இருக்கிறது என்பதை இப்போது அளந்தே சொல்லிவிடலாம்.

கலப்பைவிட எனக்குப் பெரிய கவலை காளைகளின் எண்ணிக்கை. ஒரு ஊரில் 100 நாட்டுப் பசுக்கள், அத்தனைக்கும் ஒரே பொலிகாளை என்று வைத்துக்கொள்வோம். பார்க்க 101 மாடுகள். மரபு வேறுபாட்டுக் கணக்கு வேறு: பசுக்களின் எண்ணிக்கையைக் காளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 400-ஐ 101-ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 4. அதாவது அந்த மந்தை நான்கே மாடுகள் உள்ள மந்தையின் வேகத்தில் தன் மரபு வளத்தை இழந்துகொண்டிருக்கிறது. அதே 100 பசுக்களுக்கு 10 காளைகள் இருந்தால் கணக்கு 36-க்கு ஏறிவிடும். இந்த எண் 50-க்குக் கீழே போவதை அறிஞர்கள் ஆபத்தாகக் கருதுகிறார்கள். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று நெருங்கிய உறவில் ஈன்ற கன்றுகள் நோஞ்சானாக இருப்பதும், பசுக்கள் சினை நிற்காமல் போவதும் இதன் விளைவுகள்தான். காளைக்கன்றுகளை எல்லாம் சந்தைக்கு ஓட்டிவிட்டுப் பசுக்களை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைக் காப்பாற்ற முடியாது.

சரி, திட்டங்களுக்கு வருவோம். முதன்மையானது 2014 டிசம்பரில் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷன். நாட்டு மாட்டினங்களைக் காப்பதும் மேம்படுத்துவதும் இதன் நோக்கம். 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை இதைத் திருத்தி, 2021-22 முதல் 2025-26 வரைக்குமான மொத்த ஒதுக்கீட்டை 3,400 கோடி ரூபாயாக உயர்த்தியது. பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்துக்கு விலையில் பாதி மானியமும், சோதனைக் குழாய் கரு வைத்து உறுதியான சினை ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாயும் இதன்படி உண்டு. இவை பால் பெருக்கத்துக்காக வகுத்த உதவிகள். கறவைக்காரருக்கு நல்லது. உழவுக்கும் வாடிவாசலுக்கும் மாடு வளர்ப்பவருக்குக் காளைக்கன்றும் தேவை என்பதால், பெண் கன்று உறைவிந்தை வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கிர், சாஹிவால் போன்ற குஜராத், பஞ்சாப் மாடுகளும் இந்தத் திட்டத்தில் நாட்டு இனங்களே. அதில் தவறில்லை. ஆனால் வாழப்பாடியிலோ ஏற்காட்டிலோ உள்ள சின்ன நாட்டுப் பசுவுக்குக் கிர் ஊசி, அதாவது கிர் காளையின் உறைவிந்து, போட்டால் கன்றில் பாதி கிர். அடுத்த தலைமுறைக்கும் அதையே போட்டால் முக்கால் பங்கு. திட்டத்தின் கணக்கில் நாட்டு மாடு கூடியிருக்கும், அந்த ஊர் மாடு மட்டும் கரைந்து போயிருக்கும்.

அதனால் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது ‘நாட்டு ஊசி’ என்று பொதுவாகக் கேட்காமல், காங்கேயம் வேண்டுமா பர்கூர் வேண்டுமா என்று இனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கைவசம் இல்லையென்றால் அடுத்த பருவத்துக்கு வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே காளையின் எண் மகளுக்கும் வந்தால் வேறு கேட்கலாம். ஊர்ப் பொலிகாளைக்கு விட்டாலும் அப்படித்தான்: காளை யாருடையது, அதன் காது வில்லை எண் என்ன, எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக்கு இப்படி ஒரு நோட்டு இருந்தால் அதன் மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததில்லை. கன்று பிறந்ததும் தாயின் எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொல்வதும் உங்கள் உரிமை.

அடுத்து விருது. பதிவான நாட்டு இனப் பசுவையோ எருமையையோ வளர்ப்பவர்களுக்கு தேசிய கோபால் ரத்னா விருது 2021 முதல் தரப்படுகிறது. முதல் பரிசு 5 லட்சம் ரூபாய், அடுத்தவை 3 லட்சம், 2 லட்சம். ஒன்றிய அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நவம்பர் 26, தேசிய பால் தினத்தையொட்டி விருது வழங்குவது வழக்கம். இதற்கு இனப்பெயர் கட்டாயம். ‘வகைப்படுத்தப்படாதது’ என்று பதிவாகியிருக்கும் மாட்டை எவ்வளவு அருமையாக வளர்த்தாலும் விண்ணப்பம் நிற்காது.

மாநில அளவில் 2019-ல் வந்த தமிழ்நாடு மாட்டினப்பெருக்கச் சட்டம் உறைவிந்து தயாரிப்பு, விற்பனை, இனப்பெருக்கக் காளைகள் எல்லாவற்றையும் ஒரு ஆணையத்தின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. ஊர்க் காளை வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஜல்லிக்கட்டில் நாட்டுக் காளைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. கூலமேட்டுக்கும் தம்மம்பட்டிக்கும் காளை கொண்டுபோகிறவர்களுக்கு மருத்துவரின் சான்று அதனால் முக்கியம்.

இனி சேர்வராயன் மலை. அங்கே மலைக்கிராமங்களில் உள்ள சிற்றுடல் மாடுகளுக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. பெயர் இல்லாத எல்லா நாட்டு விலங்குகளையும் ஆய்ந்து அடையாளப்படுத்தும் இயக்கத்தைக் கர்னால் பணியகம் 2021-ல் தொடங்கியது. அந்த வாசல் திறந்திருக்கும்போதே நம் மலை மாடுகளையும் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. புதிய இனமாகப் பதிவாக, எத்தனை மாடுகள், எந்தெந்த ஊர்களில், உடல் அளவுகள், நிறம், கொம்பு, தலைமுறை தலைமுறையாக அதே குணம் வருகிறதா என்ற விவரங்களும் மரபணு ஆய்வும் வேண்டும். ரத்த மாதிரியும் ஆய்வும் நிபுணர்கள் வேலை, அதற்குத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மற்ற விவரங்களை வளர்ப்பவர்கள்தான் தர முடியும். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் மாடுகளின் படங்களையும் எண்ணிக்கையையும் திரட்டி, சேலத்தில் உள்ள கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரிடம் கூட்டு மனுவாகக் கொடுக்கலாம். இன்னும் காது வில்லை போடாத மாடுகள் இருந்தால், அருகிலுள்ள மருந்தகத்தில் சொல்லி மனு கொடுக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.