40 கிராமுக்காகச் சக்கரத்தை அடகு வைக்காதீர்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை சைக்கிள்காரர்களுக்கு நன்றாகப் பழகிய சாலை. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஞாயிறு விடியும் முன்பே ஏறத் தொடங்குகிறவர்களில் சிலர் திங்கட்கிழமை என் பட்டறையில் வந்து நிற்பார்கள். சக்கரக் கம்பியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகான நிப்பிள் முறிவது என்ற ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பையன் ஒருவன் பின்சக்கரத்தைக் கொண்டுவந்தான். “அண்ணே, கோட்டம் எடுத்துக் கொடுங்க, பிரேக்குல உரசுது” என்றான். கையில் வாங்கி ஆட்டினேன். ரிம்முக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஏதோ உருண்டது. டயரைக் கழற்றி, ரிம்மின் துளைகளை மூடி ஒட்டியிருக்கும் உள்டேப்பை உரித்தால் மூன்று நிப்பிள்களின் தலைகள் தனியாகக் கிடந்தன. கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினிய நிப்பிள்கள் கழுத்தோடு முறிந்திருந்தன. முறிவைச் சுற்றி வெள்ளைத் தூள்.

“எப்பப்பா உடைஞ்சது?”

“தெரியலண்ணே. இறங்கும்போது டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.”

அந்த இறக்கத்தையும் அதன் வளைவுகளையும் நினைத்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் 100 கிலோ அளவுக்கு இழுவிசையில் நிற்கிறது. அவ்வளவையும் தாங்குவது நிப்பிளின் கழுத்து. பித்தளை நிப்பிள் சுமார் ஒரு கிராம்; அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 64 நிப்பிள் என்றால் மிச்சமாகும் எடை 40 கிராம் சொச்சம். ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லை. பந்தயத்தில் நொடிகளை எண்ணுகிறவருக்கு அது பெரிதாக இருக்கலாம். நம் ஊர் மழையில் வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் ஒன்று அரித்துப்போகும். எஃகுக் கம்பியோடு சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். ரிம் கார்பன் என்றால் மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. கார்பனும் அலுமினியத்தை அரிக்கவைக்கும். வியர்வை, மழை, லூமுட் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் கடலுப்பு, எல்லாம் அந்த இடுக்கில் தங்கிவிடும்.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றுகிறோமே, பஞ்சர் அடைக்கும் பால், அதையும் சொல்ல வேண்டும். பலவற்றில் இருப்பது ரப்பர்ப் பால்தான். மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் வாசனை, தோட்டத்துப் பால் ஸ்டோரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அமோனியா. பால் உறையாமல் இருக்கச் சேர்ப்பது. உள்டேப் கிழிந்து அது நிப்பிளில் இறங்கினால் அலுமினியம் சீக்கிரம் கெடும். பித்தளைக்கும் அமோனியா ஆகாது. வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயத்தருகே வைத்த பித்தளைத் தோட்டாக்கள் விரிசல் விட்டதற்குக் காரணமே அமோனியாதான். ஆகவே நிப்பிள் எதுவானாலும் டேப் ஒழுகக் கூடாது.

அலுமினியத்தை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். அந்தப் பையனின் சக்கரத்தைக் கோர்த்தவர் கம்பியை இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகப் போட்டிருந்தார். கம்பியின் முனை நிப்பிள் தலையில் இருக்கும் வெட்டு வரை ஏறியிருக்க வேண்டும். அப்போது கழுத்துக்குள் எஃகு நிற்கும். குட்டையானால் கழுத்தில் வெறும் அலுமினியம்தான், முறிவது அங்கேதான். அளவான கம்பி, மறையில் கொஞ்சம் எண்ணெய் என்று கோர்த்த அலுமினியச் சக்கரங்கள் பல வருடம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டப் போன சைக்கிள் இன்னும் பட்டறையில் நிற்கிறது. முன்னால் 32 கம்பி, பின்னால் 40. ரிம் துருவேறிவிட்டது. பித்தளை நிப்பிள்கள் இன்றும் நிப்பிள் திருகும் சாவி போட்டால் திரும்புகின்றன.

உங்களுடையது எது என்று தெரியவில்லையா? சிவப்பு, நீலம், தங்கம் என்று நிறமாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். வெள்ளியோ கறுப்போ என்றால் ஓரத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. அப்புறம் சக்கரத்தைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள், கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்துங்கள். தொளதொளப்போ, உள்ளே உருளும் சத்தமோ, வெள்ளைத் தூளோ இருந்தால் மலைக்குப் போகாதீர்கள். இறுகிப்போன நிப்பிளைச் சாவியால் முறுக்கவும் வேண்டாம், முனை மழுங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று உடைந்திருந்தால் மிச்சமுள்ளவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

வழியிலேயே உடைந்தால், தொங்கும் கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டி, ரிம் பிரேக் என்றால் சக்கரம் உரசாதபடி தளர்த்திவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். இருட்டிவிட்டால் ஒரு லோரியை நிறுத்திக் கேளுங்கள். காய்கறி ஏற்றி இறங்கும் லோரிக்காரர்கள் எனக்கே இரண்டு முறை இடம் கொடுத்திருக்கிறார்கள்.