பழைய பிரிட்டிஷ் காருக்கு நிறம்: பிரிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

சீரமைப்புக்குக் காரைக் கொண்டுவருகிறவர்கள் எஞ்சினைப் பற்றியும் துருவைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டு, நிறம் என்று வந்ததும் "அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு டிங்கரிங்கும் பெயின்டிங்கும் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் எனக்கு மிகவும் பழகிப்போன பேச்சு இது. பெயின்ட் கடைசியில்தான் அடிக்கப்படுகிறது. ஆனால் எந்த நிறம் என்பது முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஏனெனில், காரின் பிறவி நிறத்தைக் காட்டும் தடயங்கள் உப்புத்தாள் பட்டவுடன் அழியத் தொடங்கிவிடும். அதோடு, பழைய நிறத்தையே வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதைப் பொறுத்தே காரை எந்த அளவுக்குப் பிரிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பது அமையும்.

மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் அதிகம் வருவது அதுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம்வரை 16 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார் அது. இத்தனை ஆண்டுகளில் நிறப் பட்டியல் பலமுறை மாறியது. 1960களுக்கு உரிய ஆல்மண்ட் கிரீனை 1949ஆம் ஆண்டு வண்டிக்கு அடித்தால், விஷயம் தெரிந்தவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பத்து லட்சமாவது மைனரைக் கொண்டாட 1960-61இல் சுமார் 350 கார்கள் இளம் ஊதா நிறத்தில் வெளிவந்தன. அந்த நிறத்தின் மீது ஆசைப்பட்டுச் சாதாரண மைனருக்கு அதை அடிப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

பிறவி நிறத்தை அறியச் சில வழிகள் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம், மாரிஸ் உள்ளிட்ட நஃபீல்டு வகைக் கார்களுக்கு இட்ட வண்டி எண்ணிலேயே நிறம் அடங்கியிருந்தது. எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் எண்ணுக்கு முன் மூன்று எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். மூன்றாவது எழுத்து நிறத்தைக் குறிக்கும்: ஏ என்றால் கறுப்பு, இ என்றால் பச்சை, கே என்றால் வெளிர் சிவப்பு. இரண்டாவது இலக்கம் அடிக்கப்பட்ட பெயின்ட்டின் வகையைச் சொல்லும். 1, 2 என்றால் சிந்தடிக் (செயற்கைப் பிசின் எனாமல்), 3 என்றால் செல்லுலோஸ் (தின்னர் ஆவியானதும் உலர்ந்துவிடும் பழைய வகை). 1950களின் இறுதியில் இந்த முறை மாறிவிட்டதால், பிந்தைய கார்களின் எண்ணைப் பார்த்து நிறத்தைச் சொல்ல முடியாது. தொழிற்சாலைப் பதிவேடு எஞ்சியிருக்கும் மாடல்களுக்கு, கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தருகிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் கார் தானே பேசும். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, டேஷ்போர்டின் அடிப்புறம், டிக்கியில் மாற்றுச் சக்கரத்துக்குக் கீழே உள்ள தரை போன்ற இடங்களில் மறுபெயின்ட் அடித்தவர்களின் கை பெரும்பாலும் எட்டியிருக்காது. வெயிலும் அதிகம் பட்டிருக்காது.

அண்மையில் வந்த 1955ஆம் ஆண்டு இரண்டு கதவு மைனர் ஒன்று ஆவணப்படி வெள்ளை. தகட்டில் மூன்றாவது எழுத்து ஏ. கதவு அட்டைக்குப் பின்னால் பளபளப்புக் குறையாத கறுப்பு இருந்தது. மட்கார்டில் ஓரிடத்தை நைசான உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்தபோது வெள்ளை, அதனடியில் மங்கிய நீலம், பிறகு சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு), கறுப்பு, மறுபடியும் ஒரு ப்ரைமர், கடைசியில் தகடு என்று வட்ட வட்டமாகத் தெரிந்தது. நீலம் ஓரிடத்தில் மட்டும் பட்டியின் மீது தடித்திருந்ததால், அந்தப் பக்கம் ஒருமுறை அடிபட்டிருக்கிறது என்பதும் விளங்கியது.

உரிமையாளருக்குக் கறுப்பு பிடிக்கவில்லை; பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் வேண்டும் என்றார். இந்தப் பெயரைச் சொல்லி எந்தக் கடையில் கேட்டாலும் ஏதோ ஒரு பச்சையைக் கலந்து தருவார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய ஒற்றை நிறம் கிடையாது. 1902ஆம் ஆண்டின் கார்டன் பென்னட் போட்டியில் செல்வின் எட்ஜ் நேப்பியர் காரில் வென்றதால், 1903 போட்டியை நடத்தும் பொறுப்பு பிரிட்டனுக்கு வந்தது. இங்கிலாந்துச் சாலைகளில் பந்தயத்துக்கு அனுமதி இல்லாததால் அது அயர்லாந்தில் நடந்தது. பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூண்டு ஓடின. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பச்சையை வைத்துக்கொண்டது. ஆகவே வெறும் பெயரைச் சொல்லாமல், எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எந்தக் குறியீடு என்று கேட்பதே சரி.

மைனருக்கு அந்தக் காலத்தில் எம்பயர் கிரீன் என்ற சொந்தப் பச்சையே இருந்தது என்பதை எடுத்துச் சொன்னதும் அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் நிறம் மாறுகிறது என்றால் எஞ்சின் அறை, கதவுக் கட்டங்கள், டிக்கியின் உட்புறம், டேஷ்போர்டின் அடிப்பகுதி எல்லாம் மாற வேண்டும். எஞ்சின், வயரிங், கண்ணாடி, ரப்பர் அனைத்தும் வெளியே வர வேண்டும். பானட்டைத் திறந்ததும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும் காரை "முழுச் சீரமைப்பு" என்று விற்பது என் பார்வையில் ஏமாற்று வேலை. கறுப்பைத் தக்கவைத்திருந்தால் பிரிக்கும் வேலை பெருமளவு மிச்சமாகியிருக்கும். ஆனால் கறுப்பு, தகட்டில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பட்டி பார்த்து நீண்ட கட்டையால் தேய்க்கும் கூலி அங்கே ஏறிவிடும். இரண்டு கணக்கையும் வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் வைப்பதுதான் முறை.

பழைய பெயின்ட்டின் மீது புதியதை அடிக்கும் எண்ணம் இருந்தால், அடியில் இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். செல்லுலோஸ் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை மறைவான இடத்தில் வைத்துத் துடையுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் செல்லுலோஸ். தோல் சுருங்குவதுபோல் சுருங்கி எழும்பினால் சிந்தடிக். ஒன்றும் ஆகாவிட்டால் பெரும்பாலும் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு கூட்டுப் பெயின்ட். சிந்தடிக்கின் மீது நேராகச் செல்லுலோஸ் அடித்தால் மொத்தப் பரப்பும் சுருங்கி எழும். பிறகு தகடுவரை சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

நிறப் பொருத்தத்துக்குக் கருவி வைத்து அளப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வெளுத்த பெயின்ட்டை அளந்தால் வெளுத்த நிறமே கிடைக்கும்; பாலிஷ் போட்டுப் புது முகம் வரவைத்த பிறகே அளக்க வேண்டும். மேலும், அக்காலப் பச்சைகள் பலவற்றில் ஈயம் கலந்த குரோம் மஞ்சள் இருந்தது. இன்றைய கலவையில் வேறு நிறமிகள். அதனால் பட்டறைக் குழல்விளக்கின் கீழ் ஒன்றுபோல் தெரியும் இரண்டு பச்சைகள் வெயிலில் தனித்தனியாகத் தெரியும். அடிக்கப்போகும் அதே ஸ்ப்ரே கன்னால், அதே நிற ப்ரைமரின் மீது, ஒரு தகட்டில் அடித்துக் காலை, நண்பகல், மேகமூட்டம் என்று வெளியே வைத்துப் பாருங்கள். 1950களின் காருக்கு மேலே தெளிந்த லக்கர் ஏற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கண்ணாடி போன்ற ஆழம் அக்காலக் கார்களுக்கு இல்லை.

இனி, வீட்டுக் கராஜில் தானே செய்துகொள்ள நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. பழைய பெயின்ட்டிலும் தகட்டு இணைப்புகளை நிரப்பிய உலோகத்திலும் ஈயம் இருக்கும். உலர் நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கும், உடையில் ஒட்டிக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் போகும். 2கே பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. பிரிட்டனில் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஸ்ப்ரே செய்யும்போது எழும் பெயின்ட் மூடுபனி கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்த பின்னும் காற்றில் இருக்கும், வாசனையும் எச்சரிக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியே தேவை. கோட் சரியாக விழுந்ததா என்று பார்க்க முகமறைப்பைத் தூக்குவது தொழில்காரர்களிடமே உள்ள கெட்ட பழக்கம். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலை உண்டாக்கும். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, 2கே அடிப்பதைத் தகுந்த அறை உள்ளவரிடம் விடுவதே நல்லது. செல்லுலோஸில் ஐசோசயனேட் இல்லை; ஆனால் எளிதில் தீப்பற்றும், கரைப்பான் ஆவியும் அதிகம். 2007 முதல் வந்த ஆவி வரம்புகளால் அது பழமையான வாகனங்களுக்கான விலக்கின் கீழ் மட்டுமே விற்கப்படுகிறது.

பெயின்ட் எதையும் மறைக்கும் என்பதால் இன்னொன்று. 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு பிரிட்டனில் 2018 மே முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. மைனரின் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் (sill) பகுதி, குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தாங்கிகள் ஆகியவை அரித்திருந்தும் மேலே பளபளக்கும் காரைச் சாலையில் ஓட்ட முடியும். பெயின்ட் அடிக்கும் முன் அடிப்பகுதியைச் சுரண்டிப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிறம் மாறினால் வி5சி பதிவுச் சான்றில் திருத்தி, பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அனுப்ப வேண்டும், கட்டணம் இல்லை. சோதனைக்கு அடித்த தகட்டையும் தூக்கி எறிய வேண்டாம்: அதன் பின்புறம் கலவை விகிதம், பெயின்ட் நிறுவனத்தின் குறியீடு, ப்ரைமரின் நிறம், கோட்களின் எண்ணிக்கை, தேதி ஆகியவற்றை எழுதி வைத்தால், நாளை ஒரு மட்கார்டை மட்டும் மறுபடி அடிக்க நேரும்போது அந்தத் தகடே பெயின்டருக்குப் போதும்.