நெல்லையப்பர் கோயில் தூண்கள் ஏன் இத்தனை நெருக்கம்?

நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் சில எட்டு வைப்பதற்குள் அடுத்த தூண் வந்துவிடும். அழகுக்காக மட்டும் அப்படி நிறுத்தவில்லை, கருங்கல்லின் குணம் அப்படி.

நம் பக்கத்துக் குவாரிக் கல்லை வியாபாரத்தில் மொத்தமாக கிரானைட் என்பார்கள். புவியியல் கணக்கில் அதில் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைகள். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் எளிதில் இறங்காது. அம்மியும் வாசற்படியும் தலைமுறை தாண்டி உழைப்பது அதனால்தான்.

நல்ல கருங்கல்லில் ஒரு சதுர சென்டிமீட்டரே ஒரு டன் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. அமுக்கினால் அவை மூடிக்கொள்ளும், இழுத்தால் வாய் திறந்து ஓடும்.

3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. கனமுள்ள ஒரு கூரைக்கல் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். தன் எடையாலேயே அது இம்மியளவு தொய்கிறது. மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கனத்தை மாற்றாமல் தூண் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால், அடிப்பக்க இழுவை நான்கு மடங்காகிவிடும். தூண் தலையில் இருபுறமும் நீளும் போதிகையைக் கவனித்திருப்பீர்கள். சிற்ப வேலைப்பாட்டுக்கு இடம் தருவதோடு, கூரைக்கல் தாண்டவேண்டிய தூரத்தையும் அது குறைக்கிறது. கணக்குப் புத்தகம் இல்லாமல் இதைப் பிடித்த கல்தச்சர்களின் அறிவு அசாத்தியமானது.

கல் பிளப்பதும் இதே பலவீனத்தை வைத்துத்தான். வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறுக்கி, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஆப்பு கல்லைப் பக்கவாட்டில் தள்ள, குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேரும். தட்டும் ஓசை மாறுவதை வைத்தே கல் விட்டுக்கொடுப்பதைக் கண்டுகொள்வார்கள். கீறலற்ற கல் கணீர் என்னும், உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கிவிடும். கோயிலின் இசைத்தூண்கள் ஒலிப்பதற்கும் முதல் தேவை அந்தக் கீறலற்ற கல்தான். சுரத்தைத் தீர்மானிப்பது தூணின் நீளமும் பருமனும்.

இன்று அதே கல் ஜல்லியாக கான்கிரீட்டுக்குள் போகிறது. கான்கிரீட்டுக்கும் இழுவை ஆகாது, அதை எஃகுக் கம்பி ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் ஜன்னலுக்கு மேலே குறுக்கே போகும் லிண்டலில் முக்கியக் கம்பிகள் அடிப்பக்கம் போகின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் இழுபடுவது மேல்பக்கம். சரி, அங்கே கம்பியும் மேலேதான் இருக்கவேண்டும். கான்கிரீட் போடுகிற அன்று யாரும் அதை மிதித்து அடியில் இறக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.